மூன்றாவது குமிழ்

“மேல ஒண்ணுமே இல்ல மச்சான். போர்வையப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு.”

முதல் கிராஸ்ஓவருக்கு நான் அளித்த தீர்ப்பு அது. மச்சான், என் மனைவியின் அண்ணன், ஈப்போவில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்திருந்தான். தச்சு வேலை செய்கிறவன். புருவமெல்லாம் மரத்தூள். அவன் என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கர் ஹார்னின் வாயைப் பார்த்தான்.

“எனக்கு நல்லாத்தானே லா கேக்குது.”

“உனக்கு ரம்பம் ஓட்டி ஓட்டிக் காது போச்சு.”

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

அந்தப் போர்ச்சில் காடி, அதாவது கார், நிற்காமல் ஓராண்டு ஆகியிருந்தது. காடி நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் பெட்டிகள் நின்றன. பிளைவுட்டை நனைத்து, வளைத்து, ஒட்டி, இறுக்கி, மறுநாள் பிரித்து விரிசல் பார்த்து, மறுபடி ஒட்டி, ஞாயிறு ஞாயிறாக நாங்கள் இருவரும் செய்தவை. மேலே இரண்டு சிறிய ஹார்ன்கள், ஊமத்தம்பூப் போல உள்ளே ஒடுங்கி வெளியே விரிந்தவை. நடுவில் இரண்டு பெரிய ஹார்ன்கள். கீழே, படுக்கவைத்த குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு, இரண்டு சப்வூஃபர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவற்றைக் கடந்து போகும்போதெல்லாம் சவப்பெட்டியைக் கடப்பவர்போல் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

ஒரு பாட்டை மூன்றாகக் கிழித்துத்தான் இவற்றுக்கு ஊட்ட முடியும். உறுமியின் அடிவயிற்று முனகல் கீழே போக வேண்டும். மனிதக் குரலின் உடல் நடுவுக்கு. சலங்கையின் விளிம்பு, ஜால்ராவின் மினுக்கு, ‘ச’ என்று சொல்லும்போது பல்லிடுக்கில் பிறக்கும் காற்று, இவையெல்லாம் மேலே. அப்படிக் கிழித்துப் பிரிப்பதுதான் கிராஸ்ஓவரின் வேலை. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே கம்பிச்சுருளை வைத்துப் பிரிக்கலாம். அதில் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் தனியாக ஒரு பெட்டியை வைத்து, பிரித்த மூன்று பங்கையும் மூன்று ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பலாம். ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்பது இதுதான். அதன் முகத்தில் மூன்று குமிழ்கள். முதலாவது அடி, இரண்டாவது நடு, மூன்றாவது மேல். எது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திருகிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழிக்குப் போகச் சொன்னவன் நான்தான். குமிழ் இருந்தால் கை போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இவ்வளவும் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காக அல்ல. என் மனைவியும் மச்சானும் பிறந்த தோட்டம் ஆயர் தாவார் பக்கம். ரப்பருக்கான பால்மரம் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு ஞாயிறு எல்லாரும் திரும்பி வருவார்கள். பகல் முழுக்கப் பூசை, உறுமி மேளம், சாப்பாடு. ஒலிபெருக்கி எப்போதும் வாடகைக்குத்தான். இந்த முறை கோயில் கூட்டத்தில் மச்சான் எழுந்து நின்று, வாடகை வேண்டாம், நாங்களே செய்து கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டான். யார் சத்தம் சரிபார்ப்பது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

“என் தங்கச்சி வீட்டுக்காரரு இருக்காரு. அவரு காது மாதிரி ஈப்போவுல இன்னொரு காது கெடயாது.”

கோயில் செயலாளர் அக்கா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாராம். “எழுதிட்டேன் தம்பி. ஊரு மாப்பிள்ள பாத்துக்குவாரு.”

அந்தத் தோட்டத்து மாப்பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒரு மாப்பிள்ளை அன்னதானத்தன்று பாயாச அண்டாவைக் கவிழ்த்துவிட்டார். அவருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் பெயர் இன்றும் பாயாச மாப்பிள்ளைதான். மகன் தவறினால் அடுத்த திருவிழாவுக்குள் மறந்துவிடுவார்கள். மாப்பிள்ளை தவறினால் அது ஊரின் சொத்து.

நான் பயந்தது பெயருக்காக மட்டுமல்ல. பிஸ்கட் டின்னில் ஒரு கடுதாசி இருந்தது.

நான் வேலை செய்வது சுண்ணாம்புக்கல் குவாரியில். கல்லை நொறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பாதி ஆயுள். காதுக்கு வைக்கும் அடைப்பான் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். காதில் எப்போதாவது இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேன் வரும். உள்ளே ஒரு சிறு அறை. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நாங்கள் பிளைவுட் வாங்கிய மாதத்துக்கு முந்தைய மாதம் அந்த வேனிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. இரண்டு காதுக்கும் இரண்டு கோடு. எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். மேலே சமமாக நடந்துகொண்டே வந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செங்குத்தாகக் கீழே விழும். அடிச் சத்தத்திலும் நடுச் சத்தத்திலும் கோடு ஒழுங்காக நடந்தது. மேல் சத்தம் வந்ததும் விழுந்தது.

வேனுக்குள் வெளியிலிருந்து சத்தம் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளை நான்காக மடித்து, ரெசிஸ்டர்கள் போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னின் அடியில் வைத்தேன். அதன்மேல் ஒரு கைப்பிடி ரெசிஸ்டர்களைக் கொட்டினேன். புதைப்பதுபோலத்தான்.

முதல் கிராஸ்ஓவர், பழைய டவுனில் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் கடையின் சீன முதலாளி, தவுக்கே, கேட்டுப் பார்க்கக் கொடுத்தது. ஏதோ மூடிப்போன ஆட்ட அரங்கிலிருந்து வந்த பழைய பெட்டி, பெரிய பெரிய குமிழ்கள். போர்வை என்று சொல்லி அதை மச்சானிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவதைத் தவுக்கேயிடமிருந்து நானே போய் வாங்கிவந்தேன். டிஜிட்டல். சிறிய திரை, அதில் எண்கள். ஒவ்வோர் எண்ணையும் ஏற்றி இறக்கலாம். திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது.

ஏற்றினேன். ஹார்ன் எழவில்லை. இன்னும் ஏற்றினேன். பாட்டு சேற்றில் நடக்கிறவன்போல் நடந்தது. இன்னும் ஏற்றியபோது எங்கிருந்தோ ஒரு சிறு மினுக்கு வந்தது, செம்பனை ஓலைக்கிடையே ஒரு நொடி வெயில் விழுந்ததுபோல. அங்கே நிறுத்தினேன். மச்சான் கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து ஹார்னுக்கு முன் நீட்டினான்.

“மச்சான், இங்க பாரு. மேல் பக்கம் மல மாதிரி எந்திரிச்சி நிக்குது.”

“போன் மைக்கு அப்படித்தான் காட்டும். போன நம்பி யாராவது ஸ்பீக்கர் செய்வாங்களா?”

“நம்பல லா. காட்டுது, அதான் சொல்றேன்.”

அதை அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு எடுக்கவே இல்லை. அவன் எடுக்காமல் இருந்தது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

அந்த வாரங்களில் என் மனைவி முன்கூடத்தை விட்டுவிட்டாள். துணி மடிப்பது, காய் நறுக்குவது, தொலைபேசியில் பேசுவது எல்லாம் பின்கட்டுக்குப் போயின. ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“இங்க காத்து வருது.”

பின்கட்டில் காற்று வராது. சுவரும் சலவை இயந்திரமும்தான். நான் திரும்பியபோது அவள் சொன்னாள்:

“மெஷின் கத்திக்கிட்டே இருக்கு. நிறுத்துங்களேன்.”

சலவை இயந்திரம் வேலை முடிந்ததும் கீச்சிடும். நான் அதற்கு ஓர் அடி தூரத்தில் நின்றிருந்தேன். அதன் சிறு விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. கீச்சிடும் நேரத்தில்தான் அது மினுங்கும் என்பது எனக்குத் தெரியும். குனிந்து பொத்தானை அழுத்தினேன். “பாட்டு காதுலயே நிக்குதா, அதான்” என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தவுக்கே கடைக்குப் போனேன். மலாயில்தான் பேசிக்கொள்வோம், நடுவே அவர் எனக்காக ஓர் ‘அண்ணே’ போடுவார். இதிலும் மேலே ஒன்றும் இல்லை என்றேன். அவர் மறுக்கவில்லை. பெட்டியைத் தன் கடை ஸ்பீக்கரில் இணைத்தார். ஒரு பெண் பாடும் சீனப் பாட்டைப் போட்டார். மேல் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு, நான் மெல்ல ஏற்றுகிறேன், சரியான இடம் வந்ததும் சொல் என்றார்.

அவர் ஏற்றினார். நான் காத்திருந்தேன். பாடுகிற பெண் தூரத்தில் இருந்தாள். ஏற்றினார். இன்னும் தூரத்தில்தான் இருந்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து உள்ளே போனார். ஏதோ வேலை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாடுகிறவளின் உதடு ஈரமானது.

“இப்போ” என்றேன்.

அவர் பாட்டை நிறுத்தினார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மலாயில் கேட்டார்: “உனக்கு என்ன வேலை?”

“குவாரி.”

“ஓ.”

அந்த ஓ-வை நான் முழுதாகக் கேட்டேன். அது நடுச் சத்தம்.

அவர் உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவரே கையால் செய்தது. எண் இல்லை, திரை இல்லை, தகரத்தில் மூன்று குமிழ்கள். இதை வைத்துப் பார் என்றார். வாசல்வரை வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “கேட்கும்போது மனைவியைப் பக்கத்தில் உட்கார வை” என்றார். சாலையைக் கடக்கும்வரை எனக்குக் காது மடல்கள் எரிந்தன. ஒரு சீனக் கிழவருக்கு என் வீட்டுக் கூடத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று என்ன அக்கறை என்று முனகிக்கொண்டே காடியைத் திறந்தேன். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை.

மூன்றாவது பெட்டிதான் என்று முடிவு செய்தேன். அதில் எண் இல்லை. எவ்வளவு ஏற்றினேன் என்று எவரும் படித்துச் சொல்ல முடியாது. அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமும் இருந்தது என்று அப்போது நம்பினேன்.

திருவிழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருந்தோம். மச்சான் கடன் வாங்கிய லாரியில் பெட்டிகள் வந்தன. தகரக் கொட்டகையின் இரு ஓரத்திலும் அடுக்கினோம். தென்னங்குருத்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கீழே இறங்கிவந்து ஹார்னைத் தடவிப் பார்த்தார்கள். “யாரு செஞ்சா?” “நாங்கதான்.” “மரத்துலயா?” “மரத்துலதான்.” ஒருவர் ஹார்னுக்குள் தலையை விட்டு, “அம்மா” என்று கூப்பிட்டுப் பார்த்தார். என் மனைவி பெண்களோடு உட்கார்ந்து மறுநாள் சாம்பாருக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பாட்டைப் போட்டேன். கீழே சப்வூஃபர் மண்ணைத் தட்டியது. கோயில் மணியின் நாக்கு தானாக அசைந்தது. எல்லாருக்கும் சிரிப்பு. சிரிப்பைப் பார்த்து மூன்றாவது குமிழில் கை வைத்து ஏற்றினேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் பெஞ்சைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். மேளக்காரர்களுக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். பூசணிக்காய்ப் பெண்கள் பாயோடு நகர்ந்தார்கள். நிழல் தேடிப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மனிதன் தனக்கு வேண்டியபடி எவ்வளவு நினைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தக் காலை நேரம் போதும்.

பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுச் செயலாளர் அக்கா மைக்கை எடுத்தார். நாளைய அறிவிப்பை வாசித்துப் பார்க்கிறேன் என்றார். கொட்டகையின் நடுவுக்கு நடந்துவந்தார். வாயைத் திறந்தார்.

அடுத்து நடந்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை.

அக்காவின் முகம் சுருங்கியது. மைக்கை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார், பாம்பைப் பிடித்ததுபோல. தோரணம் கட்டியவர் ஏணியிலேயே இரு கையாலும் காதைப் பொத்தினார், ஏணி ஆடியது. கொட்டகைத் தகரத்தின்மேல் இருந்த மைனாக்கள் ஒன்றாக எழுந்தன. பூசாரி கருவறையிலிருந்து ஓடிவந்தார். எல்லா வாய்களும் திறந்திருந்தன, எல்லாக் கைகளும் காதில் இருந்தன. எனக்கு மட்டும் செம்பனைக் காட்டின் மதிய அமைதி. ஜெனரேட்டர் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. என்ன வேடிக்கை என்று நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். சிறிய ஹார்னுக்கான மூன்றாவது ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு, மினுங்காமல், நின்று எரிந்தது. அது எரிந்தால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். ஹார்ன் உச்சத்தில் அலறுகிறது. மைக்கும் ஹார்னும் ஒன்றையொன்று கூவிக் கூவி ஏற்றிக்கொண்டிருக்கின்றன. என் கை குமிழின் மேலேயே இருந்தது. விளக்கு சொன்னதைக் காது சொல்லவில்லை. எதை நம்புவது என்று கைக்குத் தெரியவில்லை.

மச்சான் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கினான்.

அக்கா மைக்கை மேசைமேல் வைத்தார். “தம்பி, சாமிக்கே காது போயிருக்கும் போல.” யாரோ சிரித்தார்கள். ஏணியில் இருந்தவர், “பாயாசத்துக்குப் பெறகு நல்ல மாப்பிள்ளையா கெடச்சிருக்காரு” என்றார்.

“மைக்கு சரியில்ல” என்றேன்.

“மைக்கு நல்லாருக்கு” என்றான் மச்சான், மெதுவாக. ஹார்னின் வாயில் காதை வைத்து, ஒலியைக் குறைத்து ஒரு கணம் போட்டுப் பார்த்தான். “ஹார்ன் எரியல, உயிரோட இருக்கு.” பிறகு என் தோளைத் தொட்டு லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

அங்கே அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிக்கொண்டிருந்தான்.

“நீ சிரிச்சிக்கிட்டு நின்ன மச்சான்.”

பிஸ்கட் டின் லாரியில்தான் இருந்தது. எடுத்துக் கவிழ்த்தேன். ரெசிஸ்டர்கள் லாரிப் பலகையில் சிதறின. நான்காக மடித்த தாளை அவனிடம் கொடுத்தேன். அவனுக்கு அந்தத் தாளில் இருந்த ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. கோட்டைப் பார்த்தான்.

“இது எப்ப?”

“பிளைவுட் வாங்குறதுக்கு முன்னாடி.”

“நான் கூட்டத்துல எந்திரிச்சிப் பேசுனதுக்கு?”

“அதுக்கும் முன்னாடி.”

அவன் தாளை மடித்தான். என் மடிப்பிலேயே மடித்தான். “சித்தியவான்ல வாடகைக்காரன் இருக்கான். இப்ப கூப்பிட்டாலும் சாயங்காலத்துக்குள்ள வந்துருவான்” என்றான். தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டான். ஓராண்டு ஞாயிறுகள் அவன் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தன. அவன் அழுத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவன் காத்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. பலகையில் சிதறிய ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

கடைசியில் அவன்தான் லாரிக் கதவைத் திறந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கைலி மூட்டையை இழுத்தான். பிரித்தான். பழைய பெட்டி, பெரிய குமிழ்கள். முதல் கிராஸ்ஓவர்.

“திருப்பிக் குடுக்கலையா?”

“நல்லா இருந்துச்சு லா. நல்லா இருக்கறத ஏன் திருப்பிக் குடுக்கணும்? தவுக்கேகிட்ட சொல்லிட்டேன்.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“ரம்பம் ஓட்டி எனக்குக் காது போச்சுன்னு சொன்னியே. எனக்கு பயமாப் போச்சு மச்சான். மறுநாளே போயி செக் பண்ணிக்கிட்டேன். எனக்கு நல்லா இருக்குன்னுட்டாங்க.” அவன் பெட்டியின் தூசியைக் கைலியால் துடைத்தான். “எனக்கு நல்லா இருந்தா யாருக்கு நல்லா இல்ல?”

“ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

ஐந்து வாரம். ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனுடைய தொலைபேசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன். எனக்குப் பின்னால் அவன் காலடி. மூன்றாவது பெட்டியைக் கழற்றி இதை மாட்டினேன். ஒரு கம்பி இருமுறை நழுவியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டி முடித்ததும் பூசணிக்காய்ப் பாயைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டேன்.

“இங்க வா. இந்தக் குமிழ நீ வை.”

“நானா? எனக்கு என்னாங்க தெரியும்?”

“எனக்கு மேல் சத்தம் கேக்காது. குவாரியில போச்சு. நீதான் வைக்கணும்.”

கொட்டகைக்குள் அந்தச் சொற்கள் எந்தக் கருவியும் இல்லாமலே பரவின. ஏணியில் இருந்தவர் தோரணத்தின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். அக்கா மேசையில் இருந்த நோட்டைப் பார்த்தார், என் காதைப் பற்றிய வரி அதில்தான் இருந்தது. என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. “மெஷின் கத்துனப்பவே” என்று ஆரம்பித்தவள், பாதியில் விட்டுவிட்டுக் குமிழைப் பிடித்தாள்.

பாட்டைப் போட்டோம். அவள் மூன்றாவது குமிழை நடுவிலிருந்து இறக்கினாள். சலங்கை போயிற்று. இன்னும் இறக்கினாள். ஜால்ரா போயிற்று. பாடுகிறவனின் பற்கள் போயின, உதடு போயிற்று, ஒரு கம்பளிக்குப் பின்னாலிருந்து யாரோ பாடினார்கள். என் கை தானாக எழுந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். “அதிகமா எறக்குற” என்று சொல்ல நாக்கு வந்தது. விழுங்கினேன். அக்கா மைக்கை எடுத்து, இந்த முறை தூரத்தில் நின்று, அன்னதான அறிவிப்பை வாசித்தார். என் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு மயிரிழை ஏற்றினாள். மறுபடி பாதி மயிரிழை இறக்கினாள். பிளைவுட்டை இழைக்கும்போது மச்சான் செய்கிற அதே சாய்ப்பு, அதே கண்சுருக்கம். அண்ணன் தங்கை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

“இங்க” என்றாள்.

முன்வரிசைக்காரர்கள் பெஞ்சைத் தூக்கி முன்னால் போட்டார்கள்.

யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களே வந்தார்கள். பாயும் வந்தது, பூசணிக்காயும் வந்தது. மைனாக்கள் தகரத்தில் இறங்கின. “அழகா இருக்கு அக்கா” என்று ஏணியில் இருந்தவர் சொன்னார். என்னிடம் அல்ல, என் மனைவியிடம். எனக்கு அது போர்வைதான். ஊரே ரசிக்கிற போர்வை.

“குறிச்சி வைக்கணுமே” என்றான் மச்சான். “பென்சில் கோடு வேர்வையில அழிஞ்சிரும்.”

என் மனைவி நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். ஒட்டுப் பொட்டை உரித்தாள். குமிழின் முள் நின்ற இடத்துக்கு நேரே, பெட்டியின் தகர முகத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். சிவப்பு, மிளகு அளவு.

“இதத் தாண்டாதீங்க.”

மறுநாள் உறுமி மேளம் பத்தரைக்குத் தொடங்கியது. எட்டுப் பேர். வளைந்த குச்சி தோலை உரசியபோது சப்வூஃபரிலிருந்து வந்த முனகல் என் முட்டியில் ஏறி, வயிற்றைச் சுற்றி, மார்பெலும்பில் உட்கார்ந்தது. அதில் எனக்கு ஒரு துளி குறையவில்லை. ஊரில் எவருக்கும் என்னைவிட அதிகம் கிடைத்திருக்காது. சாமி வந்தவர்களின் காலுக்குக் கீழே மண் அடித்தது. அவர்கள் காலில் சலங்கை கட்டியிருந்தார்கள். சலங்கை குதிப்பதைப் பார்த்தேன்.

நான் கிராஸ்ஓவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் அல்லவா. விளக்குகளைப் பார்த்தேன். மூன்றாவது ஆம்ப்ளிஃபையரில் பச்சை மட்டும். போகிறவர்கள் வருகிறவர்கள் தோளில் தட்டினார்கள். “என்னா, போர்வ மாப்பிள்ள, சாப்டாச்சா?” மச்சான் அந்தப் போர்வைக் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டான். பாயாச மாப்பிள்ளை, கையில் இலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சிரித்தார். இத்தனை ஆண்டில் அவருக்குக் கிடைத்த முதல் துணை நான்.

மதியம் அக்கா அறிவிப்பு வாசித்தார். வாய் அசைந்தது. சொற்களின் உடல் வந்தது, ஓரங்கள் வரவில்லை. ‘சாப்பாடு’ என்பதில் எனக்கு ‘ஆப்பாடு’தான் வந்தது. கூட்டம் சரியாகப் புரிந்துகொண்டு எழுந்து வரிசைக்குப் போனது. கொஞ்சம் ஏற்றினால் எனக்கும் ‘ச’ வந்துவிடும் என்று கை நினைத்தது. கை எழுந்தது. நான் எழச் சொல்லவில்லை. குமிழுக்கு ஓர் அங்குலத்தில் பொட்டு தெரிந்தது.

வெயிலில் பெட்டியின் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. பசை இளகி, பொட்டின் ஒரு பக்கம் பெயர்ந்து, மெல்ல மேலே, நான் விரும்பும் பக்கமாகவே, நகர்ந்திருந்தது. அரை நெல் அளவு. வேறு யாரும் கவனித்திருக்க முடியாது. மச்சான் சோற்று வரிசையில் இருந்தான். மனைவி சாம்பார் வாளியோடு பந்தியில் இருந்தாள்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நகத்தால் பொட்டை உரித்து, குமிழின் முள் நின்ற இடத்துக்கு நேரே பழையபடி வைத்து, அது ஒட்டும்வரை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன். விரல் சுட்டது.